ஸ்கிரீனிங்: திரையா, சல்லடையா?

"அக்கா, ஸ்கிரீனிங்கில பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம்னு வந்துருச்சு." கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் பக்கத்து வீட்டுப் பெண் இப்படிச் சொல்லி அழுதாள். டவுன் சிண்ட்ரோம் என்பது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை. அவளுக்கு வயது 30. கர்ப்பம் 13 வாரம். கையிலிருந்த அறிக்கையோ அப்படிச் சொல்லவே இல்லை. 'ஹை ரிஸ்க்' என்றுதான் இருந்தது. அதாவது, மிகு வாய்ப்பு.

ஆங்கிலத்தில் 'ஸ்கிரீன்' முதலில் அடுப்பனலை மறைக்கும் தட்டியைக் குறித்தது. பின்னாளில் தானியமும் மணலும் சலிக்கும் சல்லடைக்கும் அதே பெயர் வந்தது. மருத்துவத்தில் வழங்குவது இந்தச் சல்லடைப் பொருள்தான். தமிழில் 'திரையிடல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது படம் காட்டுவதற்குத்தான் பொருந்தும். நம் ஊர் மலாயில் 'சாரிங்ஙான்' என்பது வடிகட்டுவதையே சொல்கிறது. தமிழில் 'சல்லடைச் சோதனை' என்பேன். மாவு சலித்தவர்களுக்குத் தெரியும், மேலே தங்குவதெல்லாம் கல் இல்லை. விரலால் நசுக்கினால் சில கட்டிகள் மாவாகவே உதிரும்.

அவள் செய்துகொண்ட சல்லடைச் சோதனை, தாயின் கையில் எடுக்கும் இரத்தத்தை வைத்தே செய்வது. வயிற்றில் ஊசி இல்லை. அந்த இரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. மிதப்பதை 1997இல் மருத்துவ ஆய்வாளர் டென்னிஸ் லோ குழுவினர் வெளியிட்டார்கள். ஆனால் அது பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வும் குழந்தையின் டி.என்.ஏ.வும் சில நேரம் ஒத்துப்போவதில்லை.

'99 விழுக்காடு துல்லியம்' என்ற பேச்சுதான் ஆளைக் குழப்புகிறது. 30 வயதளவில் டவுன் சிண்ட்ரோம் ஏறக்குறைய 1000 கருவுக்கு 1. அப்படியானால் 10,000 தாய்மாரில் 10 பேர். சோதனை அந்தப் பத்தையும் அநேகமாகப் பிடித்துவிடும். சரி, மீதி 9,990 பேர்? ஆயிரத்துக்கு ஒன்று தவறினாலும் இன்னொரு 10 பேருக்கு 'மிகு வாய்ப்பு' என்று வரும். மொத்தம் 20 பேரில் பாதிதான் உண்மை. 40 வயதில் ஏறக்குறைய 100க்கு 1 என்பதால் அதே முடிவு பத்துக்கு ஒன்பது முறை உண்மையாகிறது. டவுன் சிண்ட்ரோமை விட அரிய நிலைகளில் தவறு இன்னும் கூடும்.

நசுக்கிப் பார்க்கும் விரலுக்கு 'உறுதிச் சோதனை' என்று பெயர் வைக்கலாம். 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துக் குழந்தையின் உயிரணுக்களையே பார்ப்பார்கள். அவளிடம் அன்று நான் கேட்டது ஒன்றுதான்: "அதுக்குத் தேதி வாங்கிட்டியாம்மா?"