லேப்டாப்பின் பெயரை விடுங்கள், பேட்டரியின் முதுகைப் படியுங்கள்

டெல் லேட்டிட்யூட் ஈ6410, ஈ6420 என்ற இரண்டு லேப்டாப்களுக்கும் பெயரில் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். இரண்டின் பேட்டரியும் 6 செல், 11.1 வோல்ட். ஆனாலும் ஒன்றின் பேட்டரி மற்றதில் நுழையாது. ஈ6410 கேட்பது பிடி434 என்ற பேட்டரி, ஈ6420 கேட்பது டி54எஃப்ஜே. அதே டி54எஃப்ஜே, பெயரில் தூரமாகத் தெரியும் ஈ5420, ஈ5520, ஈ6520, ஈ6430 ஆகியவற்றில் அப்படியே பொருந்தும். அதனால் கடையில் போய் "டெல் லேட்டிட்யூடுக்கு ஒரு பேட்டரி" என்று கேட்டால் சரியானது கிடைப்பது தற்செயல்தான். லேப்டாப்பின் பெயர் விற்பனைக்காக வைத்தது. பேட்டரிக்கென்று தனியாக ஒரு பெயர் உண்டு, அது அதன் முதுகில் அச்சிடப்பட்டிருக்கும்.

பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால், மாற்ற வேண்டியது உண்மையிலேயே பேட்டரிதானா என்று பாருங்கள். டெல்லின் வட்ட முனைச் சார்ஜரின் முள்ளில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சார்ஜருக்குள் இருக்கும் சிறு சிப்பு "நான் 90 வாட்" என்று லேப்டாப்புக்குச் சொல்வது அந்த ஊசி வழியாகத்தான். ஊசி வளைந்தாலோ, உள்ளே ஒயர் அறுந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது, வேகமும் குறைந்துவிடும். இயக்கும்போது சார்ஜர் வகை தெரியவில்லை என்று ஓர் எச்சரிக்கையும் வரும். இந்தக் கோளாறுக்குப் புது பேட்டரி போட்டுப் பயனில்லை. லெனோவாவில் 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜ் நின்றுவிடுகிறது என்றால், பேட்டரியைக் காக்க வைத்த அமைப்பு ஒன்று இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். லெனோவாவின் செயலியில் போய் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். டி440 போன்ற லெனோவா திங்க்பேடுகளில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேட்டரிகள் உண்டு. உள்ளே இருப்பது செத்திருக்க, வெளியே இருப்பதை மாற்றிவிட்டு ஏமாறுபவர்கள் நிறைய.

விண்டோஸ் 8 முதல் வந்த எல்லாவற்றிலும் பேட்டரியின் நிலையைச் சொல்லும் அறிக்கை ஒன்றை எடுக்கலாம். கட்டளை தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக எழுதி என்டர் தட்டுங்கள். லினக்ஸில் யூபவர் என்ற கருவி இதையே தரும். அறிக்கையில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இன்று முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு. 56 வாட் மணியாக (பேட்டரி தேக்கும் ஆற்றலின் அளவு இது) பிறந்தது இன்று 40 கொள்கிறது என்றால் இன்னும் ஓட்டலாம். பாதிக்குக் கீழே போய்விட்டாலோ, 30 சதவீதம் காட்டும்போதே திடீரென அணைந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இனி முதுகைப் படிப்போம். ஒவ்வொரு நிறுவனமும் எண்ணை ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. டெல் பட்டையில் சிஎன் என்று தொடங்கும் நீண்ட வரிசை ஒன்று இருக்கும். அதில் முதலில் வரும் சுழியத்தை விட்டுவிட்டு அடுத்த ஐந்து எழுத்துகளை எடுத்தால் அதுதான் பேட்டரியின் எண். ஆக 0டி54எஃப்ஜே என்பதும் டி54எஃப்ஜே என்பதும் ஒன்றே. எச்பியில் எம்யூ06 போன்ற குறும்பெயர் இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் செல்களின் எண்ணிக்கை. அதே குடும்பத்தின் எம்யூ09 ஒன்பது செல் கொண்டது. கூடவே 593553-001 போல ஆறும் மூன்றுமாக ஓர் உதிரிபாக எண் இருக்கும். தேடுவதற்கு இந்த இரண்டும் போதும். லெனோவாவில் எஃப்ஆர்யூ என்ற உதிரிபாக எண்ணைப் பாருங்கள். செல் செய்த நிறுவனம் மாறினால் அந்த எண்ணும் மாறும் என்பதால் ஒரே பேட்டரிக்குப் பல எஃப்ஆர்யூ இருக்கலாம். உங்கள் எண்ணும் கடைக்காரர் தரும் எண்ணும் வேறாக இருந்தால் உடனே மறுக்க வேண்டாம், உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்தும் எண்களின் பட்டியலில் இரண்டும் வருகின்றனவா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது வோல்ட். குழப்பம் அதிகம் நடப்பதும் இங்கேதான். பழைய லேப்டாப் பேட்டரிக்குள் பெரும்பாலும் 18650 என்ற உருளைச் செல்கள் இருக்கும். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். ஒரு செல்லின் பெயரளவு வோல்ட்டை ஒரு நிறுவனம் 3.6 என்று எழுதும், இன்னொன்று 3.7 என்று எழுதும். மூன்று செல்லை வரிசையாகக் கோத்தால் முதல் கணக்கில் 10.8, இரண்டாவது கணக்கில் 11.1. எழுதும் வழக்கம்தான் வேறு, உள்ளே இருப்பது ஒன்றே. முழுதாக ஏறும்போது இரண்டுமே செல்லுக்கு 4.2 வீதம் 12.6 வோல்ட்டைத் தொடும். ஆகவே பழையதில் 10.8, புதியதில் 11.1 என்று இருந்தால் தாராளமாக வாங்கலாம். நான்கு செல் வரிசையில் 14.4, 14.8 இரண்டும் இதேபோல.

11.1, 11.4 ஆகியவற்றுக்கும் இடையே அதே 0.3 வித்தியாசம்தான், ஆனால் இங்கே கதை வேறு. 11.4 என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பவை ஒவ்வொன்றும் 4.35 வோல்ட் வரை ஏறும்படி செய்யப்பட்ட செல்கள். மெல்லிய லேப்டாப்களின் தட்டைப் பேட்டரிகள் பல இந்த வகை. மொத்தம் 13.05 வோல்ட். 4.2 வரைதான் தாங்கும் சாதாரணச் செல்லைப் போட்டு, சிப்பில் மட்டும் மூலப் பேட்டரியின் கணக்கை நகலெடுத்து வைத்த மலிவுப் பேட்டரியில், செல் ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறி ஏற்றப்படும். வீக்கமும் தீயும் வரும் வழிகளில் இது ஒன்று. 11.4 என்று எழுதியிருந்த இடத்தில் 11.1 வைக்கச் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

வோல்ட்டே வேறான இரண்டு பேட்டரிகளை ஒரே லேப்டாப் ஏற்பதும் உண்டு. திங்க்பேட் எக்ஸ்220க்கு 14.4 வோல்ட், 29 வாட் மணி கொண்ட 4 செல் பேட்டரியும் வந்தது, 11.1 வோல்ட், 63 வாட் மணி கொண்ட 6 செல் பேட்டரியும் வந்தது. எப்படி முடிகிறது? லேப்டாப் பேட்டரிக்கு இரண்டு முனை மட்டும் இல்லை. கனெக்டரில் ப்ளஸ், மைனஸ் தவிர மெல்லிய முனைகள் சில இருக்கும். அவற்றில் இரண்டு வழியாகப் பேட்டரிக்குள் இருக்கும் சிப்பு லேப்டாப்போடு பேசுகிறது. இன்டெலும் டியூராசெல்லும் 1990களில் சேர்ந்து வகுத்த 'ஸ்மார்ட் பேட்டரி' முறை இது. எத்தனை வோல்ட்டில், எத்தனை ஆம்பியரில் என்னை ஏற்று என்று கேட்பது பேட்டரி, கொடுப்பது லேப்டாப். தன் வெப்பநிலை, எத்தனை முறை ஏறி இறங்கியது, செய்த தேதி, மிச்சம் எவ்வளவு என்பவற்றையும் அதுவே சொல்லும். நிறுவனமே இரண்டு வகையையும் அனுமதித்திருந்தால் எது வாங்கினாலும் சரி. அனுமதிக்காத லேப்டாப்பில் வோல்ட்டை மாற்றிப் பரிசோதிக்கக் கூடாது.

அந்தச் சிப்பே சில சமயம் வாசலில் நிற்கும் காவலாளியாகவும் ஆகிவிடுகிறது. எக்ஸ்220க்கு அடுத்து 2012இல் வந்த எக்ஸ்230, பேட்டரி லெனோவா அங்கீகரித்ததுதானா என்று சோதிக்கிறது. இல்லையென்றால், இந்தப் பேட்டரி இந்தக் கணினிக்கு உரியதல்ல, சார்ஜ் ஏறாது என்று திரையில் சொல்லிவிட்டு ஏற்ற மறுத்துவிடும். கிட்டத்தட்ட ஒரே வடிவமுள்ள எக்ஸ்220 பேட்டரிக்கும் அதே கதிதான். எக்ஸ்230 காலத்துத் திங்க்பேடுக்கு வெளி நிறுவனப் பேட்டரி வாங்கும்போது, அந்தச் சோதனையைத் தாண்டும் என்றும், தாண்டாவிட்டால் பணம் திரும்ப வரும் என்றும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வோல்ட் ஒத்துப்போக வேண்டும், எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) ஒத்துப்போக வேண்டியதில்லை. எம்ஏஎச் கூடினால் லேப்டாப் கெடாது, நேரம்தான் கூடும். ஆனால் வெவ்வேறு வோல்ட் பேட்டரிகளை எம்ஏஎச் வைத்து ஒப்பிடாதீர்கள். வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வரும் வாட் மணிதான் நேர்மையான அளவு. 10.8ஐ 5.2ஆல் பெருக்கினால் 56 வாட் மணி. உங்கள் வேலைக்கு லேப்டாப் சராசரியாக 14 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம். 9 செல் பேட்டரி 90 வாட் மணிக்கு மேலும் தரும், பின்பக்கம் பிதுங்கி நிற்கும், கனமும் கூடும். விமானத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுபோக 100 வாட் மணிதான் எல்லை என்பதால் பெரும்பாலும் அதைத் தாண்டிச் செய்வதில்லை.

இந்தப் பெருக்கல் பொய்யையும் பிடித்துக் கொடுக்கும். 6 செல் பேட்டரியில் மூன்று செல் வரிசையாகவும், அப்படி இரண்டு வரிசை அருகருகேயும் இருக்கும். ஒரு செல் 2200 எம்ஏஎச் என்றால் பேட்டரி 4400, 2600 என்றால் 5200. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் மிகச் சிறந்த 18650 செல்லே ஏறக்குறைய 3500தான், ஆக 6 செல்லின் உச்சம் 7000. 6 செல் என்று எழுதி 7800 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் அச்சிட்டவருக்கே அது பொய்யென்று தெரியும். 5200 என்று எழுதி உள்ளே 4000 வைப்பது இதைவிடப் பரவலான ஏமாற்று, பட்டையைப் பார்த்து அதைப் பிடிக்க முடியாது. எடை ஓரளவு காட்டிக்கொடுக்கும். நல்ல செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். ஆறு செல், பலகை, கூடு எல்லாம் சேர்ந்தால் 300 கிராமைத் தாண்ட வேண்டும். சமையலறைத் தராசில் வைத்து 240 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தியாவில் விற்கும் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருக்கு, எந்தப் பொருளுக்குத் தரப்பட்டது என்று வரும். சென்னை ரிச்சி தெருவில் கடைக் கல்லாவுக்கு முன் நின்றபடியே பார்த்துவிடலாம், ஒரு நிமிட வேலை.

"ஒரிஜினல், சீல் பிரிக்காதது" என்பதிலும் ஒரு கண் வையுங்கள். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் இருந்தாலும் மூப்படையும். உள்ளே மின்முனையின் மேல் படியும் மெல்லிய படலம் ஆண்டுதோறும் தடித்து, லித்தியத்தைத் தின்றுகொண்டே இருக்கும். வெயில் ஏறும் கிடங்கில் இது இன்னும் வேகமாக நடக்கும். 2013இல் செய்த அசல் பேட்டரியைவிட, சென்ற ஆண்டு நல்ல நிறுவனம் ஒன்று செய்த மாற்றுப் பேட்டரி மேலானது. டெல் பட்டையில் தேதி மூன்று எழுத்தாக ஒளிந்திருக்கும்: ஆண்டின் கடைசி இலக்கம், மாதம், நாள். ஒன்பதுக்கு மேல் ஆங்கில எழுத்துகள் வரும், ஏ என்றால் பத்து. 4ஏ9 என்று இருந்தால் 4இல் முடியும் ஆண்டின் அக்டோபர் 9.

செல்லை மட்டும் மாற்றித் தருகிறோம் என்ற கடைகளும் உண்டு. பழைய செல்லைப் பிரிக்கும்போது சிப்புக்கு மின்சாரம் அறுந்தால், பலவற்றில் அது ஆபத்து என்று முடிவுகட்டி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டாலும் பழைய கொள்ளளவுக் கணக்கையே நம்பிக்கொண்டிருக்கும். முழுப் பேட்டரி கிடைக்கும் லேப்டாப்புக்கு இந்த வழி வேண்டாம்.

உள்ளே பொருத்திய தட்டைப் பேட்டரி என்றால் எண்ணோடு சேர்த்து ஒயரின் நீளம், கனெக்டரின் முனைகள், திருகு ஓட்டைகள் ஆகியவற்றையும் படத்தோடு ஒப்பிடுங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதன் பிறகு ஒரு நாள்கூடச் சார்ஜ் ஏற்றாதீர்கள். கழற்றும்போது உலோகக் கருவியால் நெம்பக் கூடாது, குத்திக் காற்றை எடுக்கவும் கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம்.

புதியது பொருத்தியதும் முழுதாக ஏற்றி, 5 சதவீதம் வரை ஓட்டித் தீர்த்து, மறுபடி இடைவிடாமல் முழுதாக ஏற்றுங்கள். சிப்பு தன் கணக்கைச் சரிசெய்துகொள்ள இது ஒருமுறை போதும், வழக்கமாக்க வேண்டாம். பிறகு அதே அறிக்கையை மீண்டும் எடுங்கள். அதிலுள்ள எண்ணை மட்டும் நம்பாமல், திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டு, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மலிவுச் சிப்பு கொள்ளளவில் பொய் சொல்லலாம், கடிகாரம் சொல்லாது. திருப்பித் தரும் கெடு ஏழு நாளோ பத்து நாளோ, அதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். அதுவரை பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.