பூனை மேல் மட்டும் பழி போடலாமா?

"ஒரே ஒரு பூனை ஒரு பறவை இனத்தையே தின்று தீர்த்ததாமே, நிஜமா சார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி நிஜம்.

நியூசிலாந்தின் குக் நீரிணையில் இருக்கிறது ஸ்டீபன்ஸ் தீவு, மொத்தமே ஒன்றரைச் சதுர கிலோமீட்டர். 1894இல் அங்கே கலங்கரை விளக்கம் வந்தது, பின்னாலேயே பூனையும் வந்தது. பூனை கவ்வி வந்த குட்டிக் குருவிகளை விளக்கின் உதவிக் காவலர் டேவிட் லயல் பதப்படுத்தி அனுப்பியபோதுதான் ஆய்வாளர்களுக்கு அப்படி ஒரு ரென் குருவி இருப்பதே தெரிந்தது. பறக்காது, பாறைகளுக்கிடையே எலி மாதிரி ஓடும். ஓரிரு வருடத்தில் காலி. ஆனால் தின்றது ஒரு பூனை இல்லை, குட்டி போட்டுப் பெருகிய கூட்டம். அதற்கும் வெகு முன்பே, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரிகளின் முன்னோர் படகில் வந்த எலிகள் நியூசிலாந்தின் பெருந்தீவுகளில் இதே குருவியை ஒழித்துவிட்டிருந்தன.

சரி, எனக்குப் பிடித்த கேள்வி வேறு. காக்கை, குருவி, மைனா எல்லாம் அடங்கிய பறவை வரிசையில் சுமார் 6,000 இனங்கள். பறப்பதை விட்டவை என்று தெரிந்தவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்: நியூசிலாந்து ரென்கள் சில, அட்லாண்டிக்கின் டெனரிஃப் தீவில் எலும்பாகக் கிடைத்த நெடுங்கால் பந்திங் என்ற குருவி ஒன்று. அத்தனையும் தீவுவாசிகள், அத்தனையும் அழிந்தாயிற்று. நீர்நிலையோரம் திரியும் கானாங்கோழியின் குடும்பமோ தீவுக்குத் தீவு பறப்பதைக் கைவிட்டிருக்கிறது. எதிரி இல்லாத இடத்தில் பெரிய மார்புத் தசை வீண்செலவு, சும்மா இருந்தாலும் தீனி கேட்கும் என்பது இரண்டுக்கும் பொதுதானே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

கானாங்கோழிக் குஞ்சைப் பார்த்திருக்கிறீர்களா? பொரிந்த சூட்டோடு கறுப்புப் பஞ்சுருண்டையாகத் தாய் பின்னால் ஓடும். கால் தயார், இறக்கை வெறும் மொட்டு. இறக்கையும், பறக்கும் தசை ஒட்டியிருக்கும் மார்பெலும்பின் நடுமேடும் பிந்தித்தான் வளரும். ஆக, புதிதாக எதையும் உண்டாக்க வேண்டாம், அந்தக் கடைசி வளர்ச்சி நின்றாலே போதும். உடம்பு முதிர்ந்துவிடும், இறக்கை மட்டும் குஞ்சாகவே தங்கிவிடும்! கானாங்கோழிகளை வைத்து பறவையியலாளர் ஸ்டோர்ஸ் ஓல்சன் 1973இல் சொன்ன விளக்கம் இது. குருவிக்குஞ்சு அப்படியில்லை, கண் திறக்காமல் கூட்டில் கிடந்து, சில வாரத்தில் இறக்கையும் கையுமாகத்தான் வெளியே வரும். பிந்தி வளர்வது என்று எதுவும் பெரிதாக இல்லையே, எதை நிறுத்துவது? குருவிகளில் பறப்பதை விடுவது அபூர்வமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

லயல் அந்த ஸ்டீபன்ஸ் தீவுக் குருவியை உயிரோடு பார்த்தது இரண்டே முறை. மற்றதெல்லாம் குகைகளில் கிடைத்த எலும்புகளும் அருங்காட்சியக இழுப்பறைகளில் இருக்கும் இருபதுக்கும் குறைவான தோல்களும் சொன்னவை. செத்த குருவிக்கு எதற்கு ஏசி அறை என்று நிதியில் கை வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தோல்களில் பல, பூனை கவ்விக் கொண்டுவந்து போட்டவை.