ஹாபர் உங்கள் ஸ்டோர் இல்லை

இந்த மாதமும் அதே கதை. காத்தான்குடிக் கடைக்காரர் ஒருவரின் கொள்கலன் மூன்று வாரத்துக்கும் மேலாகக் கொழும்பு ஹாபரில் கிடக்கிறது. சீனாவில் இருந்து வந்த பிளாஸ்டிக் சாமான். கோல் எடுத்தால், "சாமான் வந்திட்டுத்தானே தம்பி, அங்க பத்திரமா இருக்கும். பெருநாள் முடிய எடுப்பம்" என்கிறார்.

காக்கா, பத்திரமாக இருக்கும்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் உங்களுக்குக் கட்டணம் ஏறுகிறது.

இறக்குமதிச் சாமானை ஹாபரில் இருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் வேலையில் நான் அதிகம் மல்லுக்கட்டுவது சுங்கத்தோடு இல்லை, இந்த நினைப்போடுதான். கொழும்பில் 2024இல் கையாளப்பட்டவை 77 இலட்சத்துக்கும் அதிகமான இருபதடிப் பெட்டி அளவு. அதில் முக்கால்வாசிக்கு மேல் நம் நாட்டுக்கு வந்ததே அல்ல. பெரிய கப்பலில் இறங்கி, சின்னக் கப்பலில் ஏறி, இந்தியாவுக்கும் பங்களாதேசுக்கும் போகிற பெட்டிகள். பெட்டி வேகமாகக் கைமாறுவதால்தான் கப்பல்கள் கொழும்பைத் தேடி வருகின்றன. பெட்டி அடுக்கும் முற்றத்தில் இடம் அடைபட்டால் அந்த வியாபாரமே படுத்துவிடும். அதனால்தான் இலவச நாட்கள் முடிந்ததும் பெட்டி அங்கே கிடப்பதற்கான டெமரேஜ் கட்டணம் தொடங்குகிறது. நாள் கூடக் கூட விகிதமும் கூடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பெட்டி உங்களுடையது இல்லை, கப்பல் கம்பனியுடையது. வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்வரை அதை வைத்திருப்பதற்கான டிடென்ஷன் கட்டணத்தை அவர்களுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டும் வேறு வேறு பில். ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதைப் பார்த்து என்னோடு சண்டைக்கு வராதீர்கள். எடுக்காமலே விட்டால் சுங்கம் ஏலத்தில் போடும்.

"ஒலுவில்ல ஹாபர் இருக்கே, அங்க இறக்கலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. கிழக்குக் கரையில் 2013இல் திறந்த துறைமுகம்தான். வாயில் மணல் அடைத்து மீன்பிடிப் படகுகளே திண்டாடிய இடம் அது. பக்கத்துக் கரையைக் கடல் தின்றதை நிந்தவூர்க்காரரிடம் கேளுங்கள். கொள்கலன் இறக்க ஆழமும் பாரந்தூக்கியும் வேண்டும், கப்பல் கம்பனிக்கு வந்துபோகச் சரக்கும் வேண்டும். திருகோணமலையில் ஆழம் தாராளம், ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் கோதுமை, சீமெந்து, எண்ணெய். உங்கள் பெட்டிக்கு இப்போதைக்குக் கொழும்புதான்.

சரி, என்ன செய்யலாம்? கப்பல் வருவதற்கு முன்பே கடதாசிகளை அனுப்புங்கள். கப்பல் கம்பனி தரும் சரக்குச் சீட்டான பில் ஒஃப் லேடிங்கின் நகலை வாங்கி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். போன வாரம் ஒன்றில் கடைப் பெயர் 'ட்ரேடர்ஸ்' என்றிருந்தது, வணிகப் பதிவில் 'ட்ரேடிங்'. அதைத் திருத்தி எடுப்பதற்குள் இலவச நாட்கள் முடிந்துவிட்டன. வரிக்கான காசைச் சாமான் கடலில் இருக்கும்போதே ஒதுக்கி வையுங்கள். பெருநாளுக்கு விற்க வேண்டிய சாமான் என்றால், பெருநாளுக்கு முதல் நாள் இறங்கும்படி ஓடர் போடாதீர்கள்.

காப்புறுதியை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் சுமார் 1,500 கொள்கலன்களோடு எரிந்ததை எல்லோரும் பார்த்தோம். சாமான் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த சிஐஎஃப் விலையில் விற்பவர் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஆகக் குறைந்த காப்புத்தான். எதெதற்கு அது பொருந்தும் என்று காசு அனுப்ப முதல் கேளுங்கள்.

விற்பவரின் புரோபோமா, அதாவது முன்கூட்டிய விலைப்பட்டியல், கைக்கு வந்த அன்றே உங்கள் ஏஜன்டுக்கு ஒரு கோல் எடுங்கள். சாமானின் வகையைக் காட்டும் எச்.எஸ். குறியீடு, வரி, இறக்குமதி அனுமதி தேவையா இல்லையா, எல்லாம் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.