பெரிய டியூபா, சின்ன டியூபா: எதை எப்போது எடுப்பது?

திருகோணமலையில் பாடசாலை பாண்ட் குழுவில் டியூபா (தாழ்ந்த சுருதியுள்ள பெரிய பித்தளை ஊதுவாத்தியம்) ஊதும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "ஜேர்மன் சிம்பனிக் குழுவின் வீடியோவில் ஒரே ஆள் முதலில் பெரிய டியூபாவும் பிறகு சின்னதும் ஊதுகிறார். ஏன் சேர்?"

குழாய் நீண்டால் சுருதி தாழும். கோணேசர் கோயிலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்: நீளம் குறைந்த திமிரி உயர்ந்து ஒலிக்கும், நீண்ட பாரி தாழ்ந்து ஒலிக்கும். சுருளை நீட்டினால் பெரியதான பி-பிளாட் டியூபா ஏறத்தாழ 18 அடி, சின்னதான எஃப் டியூபா 12 அடி. சரி, தாழ்ந்த ஸ்வரத்துக்குப் பெரியது. ஆனால் உயர்ந்த ஸ்வரத்தைப் பெரியதிலேயே ஊதலாமே?

ஊதலாம், ஆனால் வழுக்கும். ஒரு டியூபா அடிப்படை மீடிறனின் 2, 3, 4 என எல்லா மடங்குகளிலும் பரிவுறும், அதாவது அந்த மீடிறன்களில் வலுவாக அதிரும். உதட்டிலிருந்து கிளம்பும் அலை அகன்ற வாய்ப்பக்கம் போய், பெரும்பகுதி திரும்பி வந்து உதட்டையே தட்டுகிறது. அந்தத் தட்டு உதட்டின் அதிர்வோடு ஒத்துப்போனால் ஸ்வரம் நிலைக்கும். ஊதுபவரின் உதட்டைக் குழாயே பிடித்துவைக்கிறது என்பது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத விஷயம்.

இப்போது 349 ஹேர்ட்ஸ் ஸ்வரம் ஒன்று வேண்டும். பி-பிளாட்டின் அடிப்படை ஏறத்தாழ 29 ஹேர்ட்ஸ், ஆகவே அது 12ஆவது மடங்கு. அக்கம்பக்கத்தில் 320உம் 378உம் நிற்கின்றன. எஃப் டியூபாவில் அடிப்படை ஏறத்தாழ 44, அதே ஸ்வரம் 8ஆவது மடங்கு. அக்கம்பக்கம் 306, 393. உதட்டின் இறுக்கம் கொஞ்சம் பிசகினால் பெரியதில் பக்கத்து ஸ்வரம் வந்துவிடும். சின்னதில் தப்பிக்க இடமுண்டு.

உயர்தரத்தில் பரிவுக் குழாயையும் இசைக்கவரையும் வைத்து இதைப் படிக்கிறோம். பாண்ட் அறையிலுள்ள டியூபாவையும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு யாரிடமும் நிதி கேட்கத் தேவையில்லை.

சின்னதற்கும் குறையுண்டு. வால்வை அழுத்தினால் குழாய் நீளும். அடிமட்ட ஸ்வரங்களுக்குப் பல வால்வுகளைச் சேர்த்து அழுத்த வேண்டும், அப்போது கூடும் நீளம் போதாமல் சுருதி வேண்டியதைவிடச் சற்று ஏறிவிடும். முழுக் குழுவையும் கீழிருந்து தாங்கும் அகன்ற நாதம் பெரியதில்தான் இயல்பாக வரும். அதனால் ஜேர்மனியில் எஃப், பி-பிளாட் இரண்டையும் வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் 16 அடி சி டியூபாதான் வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் அதைவிட மிகச் சின்னதான, ஆறு வால்வுள்ள வேறொரு சி டியூபாவை நெடுங்காலம் ஊதினார்கள். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'ஒரு கண்காட்சியின் ஓவியங்கள்' என்ற பியானோப் படைப்பை பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவெல் 1922இல் இசைக்குழுவுக்கு மாற்றியபோது, மாட்டுவண்டிப் பகுதியின் உயரமான டியூபா தனியிசையை அந்த வாத்தியத்தை மனதில் வைத்தே எழுதினார். இன்று அதற்குப் பலர் டியூபாவின் சிறிய உறவான யூபோனியத்தை எடுக்கிறார்கள்.