விரல் அசையும் அளவுக்கு ஒரு விமானம்

செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானத்தைத் தரையிறக்கும் விமானியின் உடல் ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைச் செய்கிறது. இடக்கை கட்டுப்பாட்டுச் சக்கரத்தைத் திருப்பி விமானத்தை இடமும் வலமும் சாய்க்கிறது; அதே கை சக்கரத்தைத் தள்ளியும் இழுத்தும் மூக்கை இறக்கி ஏற்றுகிறது; வலக்கை த்ராட்டிலைப் பிடித்து எஞ்சினின் விசையைக் கூட்டிக் குறைக்கிறது; இரு பாதங்களும் பெடல்களை மிதித்து, மூக்கை இடமும் வலமும் திருப்பும் வால் மடலாகிய சுக்கானைத் திருப்புகின்றன. கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் ஃபிளைட் சிமுலேட்டர் மென்பொருள்களின் முன்னமைவுகள் இத்தகைய உடலையே மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கால்கள் இயங்காதவர், ஒரு கையை மட்டும் பயன்படுத்துபவர், தசைச் சிதைவு நோயால் விரல்நுனிகள் மட்டுமே அசையக்கூடியவர், கை நடுக்கம் உள்ளவர் ஆகியோர் அந்த முன்னமைவோடு பறக்க முயன்றால், முதல் திருப்பத்திலேயே விமானம் கைமீறிப் போய்விடும். அது அவர்களுடைய திறமைக் குறைவு அன்று. வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அவர்கள் அணிய நேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அளவெடுக்கும் வேலையைப் பெரும்பாலோர் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள்: எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம் என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. விமானத்திலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. விமானம் விமானியிடம் கேட்கும் செயல்களுள் எவை இடைவிடாமல் நடக்க வேண்டியவை, எவை சில நொடிகள் தாமதித்தாலும் கெடாதவை என்று பிரித்துப் பார்த்தால், நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைகளைக் கொண்ட அந்தப் பட்டியல் வியப்பூட்டும் அளவுக்குச் சுருங்கிவிடும். தரையிறங்கும் சக்கரங்களை இறக்குவது, இறக்கையின் பின்மடலான ஃபிளாப்பை விரிப்பது, விளக்குகளைப் போடுவது, வானொலி அலைவரிசையை மாற்றுவது ஆகிய அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யத்தக்கவை. நொடிக்கு நொடி கவனம் கேட்பவை, சாய்வும் மூக்கின் ஏற்ற இறக்கமும் ஆகிய இரண்டு மட்டுமே.

சுக்கான் அந்தப் பட்டியலிலிருந்து எப்படி நீங்குகிறது என்பதைப் பார்ப்போம். விமானம் சாயும்போது, உயரும் இறக்கையின் ஓரத்தில் உள்ள ஏலெரான் என்னும் மடல் கீழிறங்கி, கூடுதல் தூக்குவிசையோடு கூடுதல் இழுவையையும் உண்டாக்குகிறது. அந்த இழுவையால் மூக்கு, திரும்ப வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சற்று விலகும். பறக்கும்போது பெடல்களின் முதன்மையான பணி இதைச் சரிசெய்வதுதான். ஏலெரான் அசையும் அளவுக்கேற்பச் சுக்கானும் தானே திரும்பும்படி இரண்டையும் இணைத்துவிட்டால் பெடலுக்கே வேலையில்லை. இது கணினிக் காலத்து யோசனை அன்று. ஃபிரெட் வீக் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்து, 1937இல் முதன்முதலாகப் பறந்த எர்கூப் விமானத்தில் இந்த இணைப்பு இயந்திர வடிவிலேயே இருந்தது. பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத ஜெசிகா காக்ஸ் 2008இல் விமானி உரிமம் பெற்றது இவ்வகை விமானத்தில்தான். பெடல்களுக்குத் தேவைப்படாத அவருடைய பாதங்களுள் ஒன்று சக்கரத்தையும் மற்றொன்று த்ராட்டிலையும் இயக்கின.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரிலும், இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைட்கியரிலும் இதே இணைப்பு ஒரு தேர்வாக அமைந்திருக்கிறது. அதை இயக்கியவுடன் கால்களின் பங்கு ஏறத்தாழ முழுவதும் நீங்கிவிடும். எஞ்சியிருக்கும் சக்கர பிரேக்கை ஒரே பொத்தானுக்கு மாற்றிவிடலாம். இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: பக்கவாட்டுக் காற்றில் இறங்கும்போது ஏலெரானையும் சுக்கானையும் எதிரெதிராகப் பிடிக்கும் முறை இந்த இணைப்போடு இயலாது. ஆகவே தொடக்கத்தில் காற்றின் அமைப்பை அமைதியாக வைத்துக்கொள்வது நல்லது.

த்ராட்டிலும் அவ்வாறே. அதைத் தொடர்ந்து பிடித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பொத்தான் விசையைப் படிப்படியாகக் கூட்டவும் மற்றொன்று குறைக்கவும் செய்தால் போதும். வைத்த இடத்தில் நிற்பது த்ராட்டிலின் இயல்பு என்பதால் இந்த மாற்றத்தில் எதையும் இழப்பதில்லை.

மூக்கின் ஏற்ற இறக்கத்தில்தான் களைப்பு ஒளிந்திருக்கிறது. ஜாய்ஸ்டிக்கின் சுருள்வில் அதை எப்போதும் நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருப்பதால், மேலேறும் பத்து நிமிடங்களும் அதைப் பின்னுக்கு இழுத்தே பிடித்திருந்தால் வலுவான கைகூட வலிக்கும். உண்மை விமானிகள் இதற்கு டிரிம் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். வால்பகுதியின் சிறு மடல் ஒன்றைத் திருப்பி, கையை எடுத்தாலும் விமானம் அதே வேகத்தில் நிலைகொள்ளும்படி அவர்கள் செய்துவிடுகிறார்கள். செஸ்னா போன்ற விமானங்கள் தம் நிலைக்குத் தாமே திரும்பும் இயல்போடு கட்டப்பட்டவை. காற்று மேலே தூக்கினாலும் கீழே அழுத்தினாலும் அவை டிரிம் செய்த வேகத்தை நாடியே வரும். எனவே டிரிமை எளிதில் எட்டும் இரு பொத்தான்களுக்கு ஒதுக்கி, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சிறிதளவே நகரும்படி அமைத்துக்கொண்டால், பயணத்தின் பெரும்பகுதியை ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலே கழிக்கலாம். இதை நான் முதன்மையான அமைப்பாகவே கருதுகிறேன்.

விமானத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஓர் அமைப்புதான். ஏர்பஸ் ஏ320 என்னும் பயணிகள் விமானத்தில், விமானியின் பக்கவாட்டில் உள்ள கட்டுப்பாட்டுக் கோல் மடல்களை நேரடியாக அசைப்பதில்லை. எவ்வளவு வேகமாகச் சாய வேண்டும் என்ற வேண்டுகோளை மட்டும் கணினிக்கு அனுப்புகிறது. இருபது பாகை சாய்த்துவிட்டுக் கோலை விட்டுவிட்டால், வழக்கமான பறப்பு நிலையில் கணினி அந்தச் சாய்வைத் தானே காத்து நிற்கும். டிரிமையும் அதுவே பார்த்துக்கொள்ளும். சிறிது நேரம் மட்டும் அசையக்கூடிய கைக்கு, சிறிய செஸ்னாவைவிட இந்தப் பெரிய விமானம் எளிதாக இருப்பது இதனால்தான்.

இப்போது கருவிக்கு வரலாம். ஜாய்ஸ்டிக் ஒரு நெம்புகோல். அதன் தண்டின் மேல் ஒரு நீட்டிப்புக் குழாயைப் பொருத்தி உயரத்தை இரட்டிப்பாக்கினால், அதே கோணத்துக்குச் சாய்க்கப் பாதி விசை போதும். ஆனால் கை இருமடங்கு தூரம் நகர வேண்டும். தோள் நன்றாக அசைந்தும் பிடி வலுவற்றவருக்கு நீண்ட தண்டு உதவும். மாறாக, விரல் வலுவாக இருந்தும் அசையும் தூரம் குறைந்தவருக்குக் குட்டையான தண்டோ, கேம்பேடில் உள்ள கட்டைவிரல் கோலோ பொருந்தும். இரண்டுமே குறைந்தவருக்கு மென்பொருளின் துணை வேண்டும்.

அத்துணையின் முதல் படி அளவுத்திருத்தம். திருத்தம் செய்யும்போது கோலை அதன் முழு எல்லைவரை நகர்த்தும்படி விண்டோஸ் கேட்கும். அப்போது கருவியின் எல்லைக்குப் போகாமல், விளையாடுபவர் வலியின்றி எட்டும் எல்லைவரை மட்டும் நகர்த்தி நிறுத்தினால், கணினி அதையே முழு அளவாக எடுத்துக்கொள்ளும். முப்பது சதவீத அசைவே நூறு சதவீதமாகிவிடும். ஆனால் கருவி பிரித்தறியும் அசைவுப் படிகளின் எண்ணிக்கை அதே விகிதத்தில் குறையும் என்பதை மறக்கக் கூடாது. 1,024 படிகளைக் கொண்ட கோலில் முப்பது சதவீதம் என்பது ஏறத்தாழ 307 படிகள். 16,384 படிகளைக் கொண்டதில் 4,900க்கும் மேல். மேலும், பழைய மாதிரிகளில் உள்ள உராயும் மின்தடைகள் தேயும்போது உண்டாகும் அதிர்வும் இத்துடன் பெரிதாக்கப்படும். காந்தப் புலத்தை அளந்து, எதையும் உராயாமல் இயங்கும் ஹால் உணரி உள்ள ஜாய்ஸ்டிக்கைப் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் பிடியை இடக்கைக்கும் வலக்கைக்கும் மாற்றிப் பொருத்தலாம் என்பது ஒரு கைப் பயனருக்குக் கூடுதல் நன்மை.

அடுத்தது வளைகோடு, அதாவது கோலின் அசைவு எந்த அளவு மடலின் அசைவாக மாறுகிறது என்பதைக் காட்டும் கோடு. கோலின் அசைவும் மடலின் அசைவும் ஒரே விகிதத்தில் இருந்தால் நடுப்பகுதியில் விமானம் துள்ளும். ஆகவே முழு அசைவை ஒன்று என வைத்து, அசைவின் நாற்பது சதவீதத்தையும் அதன் மும்மடியின் அறுபது சதவீதத்தையும் கூட்டி அனுப்புவதாகக் கொள்வோம். கோல் இருபது சதவீதம் நகர்ந்தால் மடலுக்குப் போவது எட்டரை சதவீதமே. ஐம்பது நகர்ந்தால் இருபத்தேழரை. நூறு நகர்ந்தால் நூறு. நடுவில் மென்மையும் எல்லையில் முழு வலுவும் கிடைக்கின்றன. எனினும் எல்லையை நெருங்கும்போது இக்கோடு இயல்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் செங்குத்தாகிறது. அசைவெல்லை குறைந்தவருக்கு ஏற்கெனவே பெருக்கம் செய்திருப்பதால், மிகுந்த வளைவு அங்கே கேடாக முடியும். அவர்களுக்கு வளைவைக் குறைத்து, சாய்வின் உச்ச அளவை அறுபது சதவீதத்தில் நிறுத்தலாம். இயல்பான பறப்பில் ஏலெரானை முழுமையாகத் திருப்பும் தேவை அரிது. மூக்கின் அச்சில் இவ்வாறு வரம்பிடக் கூடாது. ஓடுபாதையைத் தொடும் கடைசி நொடிகளில் செஸ்னா ஏறத்தாழ முழு இழுப்பையும் கேட்கும்.

கை நடுக்கத்துக்கு வேறு மருந்து. பலர் நடுவில் ஓர் அசையா வளையத்தை, அதாவது டெட் ஸோனை, அகலமாக்கிப் பார்க்கிறார்கள். அது கை ஓய்ந்திருக்கும்போது மட்டுமே உதவும். வளையத்தைத் தாண்டியதும் நடுக்கம் அப்படியே விமானத்துக்குப் போய்விடும். நடுக்கமும் நோக்கமும் ஒரே விரலில் பிறந்தாலும் அவற்றின் வேகம் வேறு. பார்க்கின்சன் நோயின் ஓய்வுநிலை நடுக்கம் நொடிக்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு முறை நிகழ்வது. சிறிய விமானத்தை நிதானமாகத் திருப்பும் அசைவோ மூன்று நொடிக்கு ஒரு முறை என்ற அளவில்தான் இருக்கும். எனவே வேகமானதை வடிகட்டி மெதுவானதை விடும் ஓர் எளிய மென்மையாக்கி போதும். அதன் கால மாறிலியை, அதாவது அது எவ்வளவு மெதுவாகப் பின்தொடர்கிறது என்பதன் அளவை, 0.15 நொடி என வைத்தால், நொடிக்கு ஐந்து முறை வரும் நடுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மெதுவான அசைவில் ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து சதவீதம் தப்பி வருகிறது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் ரியாக்டிவிட்டி என்ற அளவைக் குறைப்பது இதையொத்த பலனைத் தரும். ஆசைப்பட்டு மென்மையாக்கலை மிகவும் கூட்டிவிடக் கூடாது: விமானம் தாமதமாகப் பதிலளித்தால் நாம் மிகையாகத் திருத்துவோம், பிறகு அந்த மிகையைத் திருத்துவோம், இவ்வாறு விமானியே உண்டாக்கும் அலைவு தொடங்கிவிடும்.

இன்னொன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பலருக்கு மணிக்கட்டு ஒரு பக்கம் நன்றாக மடங்கும், மறுபக்கம் மடங்காது. அப்போது இரு பக்கத்துக்கும் ஒரே வளைகோட்டை வைப்பது பொருளற்றது. ஜாய்ஸ்டிக் கிரெம்லின் போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனிக் கோடு வரையலாம். நடுப்புள்ளியையே கை இயல்பாக ஓய்வெடுக்கும் இடத்துக்கு நகர்த்திவிடவும் முடியும்.

பொத்தான்களுக்கு, 2018இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் நல்ல அடித்தளம். அதன் பின்புறத்தில் 3.5 மில்லிமீட்டர் துளைகள் 19 உள்ளன. முழங்கை, கன்னம், கால்விரல் என எது அசைகிறதோ அதற்கேற்ற சுவிட்சை அவற்றில் செருகலாம். வாயால் நகர்த்தி, மூச்சை உறிஞ்சியும் ஊதியும் கட்டளையிடும் குவாட்ஸ்டிக் போன்ற கருவிகளும் உள்ளன. அழுத்திப் பிடிக்க வேண்டிய எதையும், ஒருமுறை தொட்டால் இயங்கி மறுமுறை தொட்டால் நிற்கும்படி மாற்றிவிட வேண்டும். குரல் கட்டளை ஃபிளாப், தரையிறங்கும் சக்கரம், விமானத்தைத் தானே ஓட்டும் தானியங்கிக்குத் திசை சொல்வது போன்ற தனித்தனிச் செயல்களுக்கு மிகவும் ஏற்றது. சொல் முடிந்து கணினி புரிந்துகொள்ளும்வரை ஆகும் தாமதத்தால், சாய்வைக் கட்டுப்படுத்த ஏற்றதன்று. சுற்றிப் பார்ப்பதற்கு, தலையின் அசைவைக் கேமராவால் அளக்கும் ஓப்பன்டிராக் மென்பொருளில், கழுத்து பத்துப் பாகை திரும்பினால் காட்சி தொண்ணூறு பாகை திரும்பும்படி பெருக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். காற்றில்லாத வானில் மூவாயிரம் அடி உயரத்தில் விமானத்தைச் சீராகப் பறக்கவிட்டு, ஒரு பறப்புக்கு ஓர் அளவை மட்டும் மாற்றி, நொடிக்கு மூன்று பாகை வீதம் இரண்டு நிமிடத்தில் ஒரு முழு வட்டம் அடித்துப் பார்க்க வேண்டும். வட்டம் செம்மையாக அமைந்ததா என்பதோடு, முடிந்தபின் தோளும் விரலும் எப்படி இருக்கின்றன என்பதையும் குறித்துவைக்க வேண்டும். காலையில் சரியாக இருந்த அமைப்பு மாலைக் களைப்பில் பொருந்தாமல் போகக்கூடும் என்பதால், இரண்டு தொகுப்புகளைத் தனித்தனியே சேமித்துக்கொள்வதில் தவறில்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒதுக்க வேண்டிய சுவிட்ச் ஒன்று உண்டு. மிகக் குறைந்த அசைவிலும் எட்டக்கூடிய இடத்தை விமானத்தை வானிலேயே நிறுத்திவைக்கும் இடைநிறுத்தத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு எந்த உயரத்திலும், எந்த நொடியிலும் கைக்கு ஓய்வு கொடுக்கலாம்.