கீழ்ப்படிதல் வேறு, அடிபணிதல் வேறு

வேதாகமம் ‘கீழ்ப்படிதல்’ என்று சொல்லும் இடங்களிலெல்லாம் ‘அடிபணிதல்’ என்று மாற்றிப் பேசும் வழக்கம் பிரசங்கங்களிலும் மொழிபெயர்ப்பு நூல்களிலும் பெருகிவருகிறது. இது பிழை என்பதே என் துணிபு. இந்த மாற்றத்தால் போதனையே திரிந்துபோகிறது.

கீழ், படிதல் என்னும் இரண்டும் சேர்ந்த இச்சொல்லுக்கு, மேலானவரின் சொல்லுக்கு இணங்கி நடத்தல் என்று பொருள். மூலமொழிகளில் இதன் வேர் செவியில் இருக்கிறது. எபிரெய ‘ஷாமா’ என்பதற்குக் கேட்டல் என்றே பொருள். ‘இஸ்ரவேலே, கேள்’ என்று உபாகமம் 6:4-இல் வருவதும் அதுவே. கிரேக்க ‘ஹூபகோஏ’வும் கேட்டலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. பிள்ளை சொல்பேச்சுக் கேட்பதில்லை என்று தாய் வருந்தும்போது நாம் என்ன புரிந்துகொள்கிறோமோ, அதுவே இங்கும் பொருள்.

அடிபணிதலுக்கு இந்தச் செவி தேவையில்லை. தோற்ற அரசன் வென்றவனுக்கு அடிபணிகிறான்; அவன் எந்தக் கட்டளையையும் கேட்டு நிறைவேற்றியாக வேண்டியதில்லை, தலை தாழ்ந்தால் போதும். அந்தச் சொல்லில் பக்தி மிகுதி என்றும் கீழ்ப்படிதல் வெறும் ஒழுங்குமுறைச் சொல் என்றும் வாதிடுவோர், 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். அமலேக்கியருக்குரிய எல்லாவற்றையும் அழிக்கும்படி கர்த்தரிடம் கட்டளை பெற்ற இஸ்ரவேலின் அரசன் சவுல், அவர்களின் அரசன் ஆகாகையும் ஆடுமாடுகளில் முதல்தரமானவற்றையும் தப்பவிட்டுவிட்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான். அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று தீர்க்கதரிசி சாமுவேல் கேட்கிறார். பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற வாக்கு பிறந்தது அந்த இடத்தில்தான், அதே வாக்கியத்தில் ‘செவிகொடுத்தல்’ அதற்கு இணையாக நிற்கிறது. அதிகாரத்தின் இறுதியில் சவுல் கர்த்தரைத் தொழுதுகொள்கிறான். அங்கே வரும் எபிரெய வினைக்குத் தாழ விழுந்து பணிதல் என்று பொருள். ஆக, அடிபணிதல் அவனிடம் இருந்தது, கீழ்ப்படிதல்தான் இல்லை. இவ்விரண்டையும் ஒரே சொல்லாக்கிவிட்டால் அந்த அதிகாரம் எதைக் கண்டிக்கிறது என்பதே விளங்காமல் போகும்.

கட்டளையின் நுணுக்கமும் இதில் அடங்கும். தண்ணீர் வரும்படி கன்மலையைப் பார்த்துப் பேசச் சொல்லப்பட்ட மோசே, அதைக் கோலால் இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் வந்தும், வாக்களிக்கப்பட்ட தேசத்துக்குள் இஸ்ரவேல் சபையைக் கொண்டுபோகும் பேறு அவருக்குக் கிடைக்கவில்லை (எண்ணாகமம் 20). மோசேயின் பணிவைக் குறைகூற எவராலும் இயலாது. அங்கே தவறியது சொன்னதைச் சொன்னபடி செய்வது.

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பிலும் ஒரு குறை உண்டு. ரோமர் 13:1-இல் அதிகாரத்தின்கீழ் அமைந்திருத்தலைக் குறிக்கும் வேறொரு கிரேக்க வினைக்கும் அது ‘கீழ்ப்படியக்கடவன்’ என்றே எழுதிவிட்டது. ‘அடங்கியிருத்தல்’ அங்கே பொருந்தும். இந்தக் கலப்பைத் திருத்த வேண்டிய மொழிபெயர்ப்பாளர்களோ, மூலத்தைப் பாராமல், காதுக்குக் கம்பீரமாக ஒலிக்கும் சொல்லைத் தேடிப் புதுக் குழப்பத்தைச் சேர்க்கிறார்கள். கட்டளை முன்னிற்கும் இடத்தில் கீழ்ப்படிதல், தேவனுடைய சத்தம் முன்னிற்கும் இடத்தில் செவிகொடுத்தல், யோவான் 14:15-இல் உள்ளதுபோல் கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, காத்து நடக்கும் இடத்தில் கைக்கொள்ளுதல் என்று தமிழில் தெளிவான சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அடிபணிதலை ஆராதனைப் பாடல்களுக்கு விட்டுவிடலாம்.