டொமைன் பெயர் படலை வரைதான் கொண்டுவரும்

புதுக்குடியிருப்பில் அரிசி ஆலை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் கூப்பிட்டார். டொமைன் பெயர் ஒன்றை வாங்கி, ஆலையிலுள்ள கணக்குக் கணினியையும் கமரா பெட்டியையும் வீட்டிலிருந்தே பார்க்க நினைத்திருக்கிறார். "பெயரெல்லாம் குடுத்திட்டன் தம்பி, மூண்டு நாளாய் ஒண்டும் திறக்குதில்லை." போய்ப் பார்த்தால், பெயர் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஏ பதிவில் 192.168.1.10 என்று இருந்தது.

192.168 என்று தொடங்கும் எண் அந்த ஆலைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். அதே எண் கிளிநொச்சியில் என் கடையிலும் இருக்கிறது. ஒரு வளவுக்குள் மூன்று வீடு இருந்தாலும் தெருவுக்கு ஒரு படலைதானே. வெளியில் தெரிவது ரவுட்டருக்குக் கிடைத்த பொது எண் மட்டும். டொமைன் பெயரை அதற்குத்தான் காட்ட வேண்டும். உள்ளே எந்தக் கணினிக்குப் போவது என்பதை ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (இன்ன கதவுக்கு வருவதை இன்ன கணினிக்கு அனுப்பு என்ற கட்டளை) போட்டு நாங்கள்தான் சொல்ல வேண்டும். ஏ பதிவில் அந்தக் கதவின் எண்ணை, அதாவது போர்ட் எண்ணை, எழுத இடமே இல்லை. இரண்டு கணினிகளில் இணையத்தளம் ஓடினால், இணையத்தளத்துக்கான போர்ட் 443ஐ இரண்டுக்கும் கொடுக்க முடியாது. ஒன்றில் ரிவர்ஸ் புரொக்சி என்ற இடைநிலை நிரலை வைத்தால், கேட்ட பெயரைப் பார்த்து அது பிரித்து அனுப்பும்.

சரி, எங்கள் பக்கத்தில் இன்னொரு தடை இருக்கிறது. ஃபைபர் வராத இடங்களில் 4ஜி ரவுட்டர்தான். அதன் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி (வெளிப்பக்க எண்) என்று காட்டும் எண் "10." என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, உங்களுக்கெனத் தனிப் பொது எண் இல்லை. நிறுவனம் ஒரே எண்ணைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. ஆலையிலும் அதுதான் நிலை.

"அப்ப காசு கட்டிப் பொது எண் எடுத்துத் திறந்து விடுவமே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பரந்தன் பக்கம் ஒரு உரக்கடையில் யாரோ சொல்லி தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டொப்பின் போர்ட் 3389ஐ நேரே திறந்து வைத்திருந்தார்கள். நான் போன அன்று கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுக் கிடந்தன. பணம் கேட்டு ஒரு குறிப்பு. பெரும்போக அறுவடை வரை விவசாயிகளுக்குக் கொடுத்த கடன் கணக்கு முழுவதும் அதற்குள். வேறு பிரதி இல்லை. கணினியின் பதிவேட்டில் சில விநாடிக்கு ஒருமுறை யாரோ கடவுச்சொல்லை முயன்ற தடம். யாரும் அந்தக் கடையைத் தேடி வரவில்லை. திறந்த போர்ட்டுகளை நிரல்கள் இரவு பகலாகத் தேடிக்கொண்டே இருக்கின்றன. 2016இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் இப்படித்தான் பிடித்தது. அந்த ஒக்டோபரில் அவற்றைக் கொண்டு டொமைன் பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் சேவை தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரே திறக்கவில்லை.

ஆலைக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் (சாவி உள்ளவர்கள் மட்டும் போகும் மறைவழி) போட்டேன். பொது எண்ணுள்ள சிறிய சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, டொமைன் பெயரை அதற்குக் காட்டினேன். ஆலைக் கணினி தானே அதனுடன் இணைகிறது; வீட்டிலிருந்து அண்ணை வருவதும் அதன் வழியாகத்தான். வெளியே போகும் இணைப்பை 4ஜி தடுப்பதில்லை. 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பொதி போனால் வழி மூடாது. சாவி இல்லாதவர் தட்டினால் வயர்கார்ட் பதிலே சொல்லாது. ஃபைபரும் பொது எண்ணும் உள்ளவர்கள் சேர்வர் இல்லாமலே ரவுட்டரில் யூடிபி 51820ஐ மட்டும் திறந்தால் போதும்; எண் மாறினால், பெயரைப் புது எண்ணுக்குத் தானே மாற்றும் டைனமிக் டிஎன்எஸ் பார்த்துக்கொள்ளும். சோதிக்கும்போது வைஃபையை நிறுத்தி, கைப்பேசி டேட்டாவில் பாருங்கள்.

கிளம்பும்போது கமரா பெட்டியையும் பார்த்தேன். கடவுச்சொல் அட்மின் என்றே இருந்தது. மாற்றிவிட்டுத்தான் படலையைத் தாண்டினேன்.